வீட்டில் சிறு கடல்நீர்த் தொட்டி அமைத்தல்

புதுக்கோட்டை ஜில்லா என்றவுடன் கண்மாய்களும், செம்மண் புஞ்சைகளும், வானம் பார்த்த பூமியுமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆயினும் 1974-ஆம் வருஷத்தில் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஜில்லாக்களின் பகுதிகளைக் கொண்டு இந்த ஜில்லா ஏற்படுத்தப்பட்டபோது, கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய ஊர்களையுடைய பாக் விரிகுடாக் கரையும் இதனைச் சேர்ந்தது. ஆகையால் உள்நாட்டுக் குடியானவர்களுக்கும் கடல் அந்நியமன்று. வீட்டுக் கூடத்தில் நன்னீர் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துப் பழகியவர்கள், கடல் மீன்களையும் பவளப் பாறையையும் அவ்வாறே வைத்துப் பார்க்க விரும்புவது இயல்பு.

இவ்விருப்பத்தால் இருவகை நஷ்டம் நேருகின்றது. முதலாவது, தொட்டியில் உப்பு ஜலத்தை நிரப்பிய அன்றே மீன்களை விடுவதனால் அவை ஓரிரு வாரங்களில் மடிந்து பணம் வீணாகின்றது. இரண்டாவது, அழகுக்காகக் கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்து வரச் செய்வதனால் கடலுக்குக் கேடு விளைவதோடு, வீட்டுக்காரர் சட்டப்படி குற்றவாளியும் ஆகின்றார். இவ்விரண்டையும் தவிர்த்து, சிறு கடல்நீர்த் தொட்டியொன்றை அமைக்கும் முறை கீழே விவரிக்கப்படுகின்றது.

முன் வரலாறு

கடல் ஜந்துக்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவிற்று. பிலிப் ஹென்றி காஸ் என்பவர் 1854-ல் இதைப் பற்றி வெளியிட்ட நூல் அதற்குப் பெரிதும் துணை செய்தது. தமிழ்நாட்டில், சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் என்பவரின் முயற்சியால், 1909-ல் மெரினா கடற்கரையில் கடல்வாழ் உயிர்க் காட்சிசாலை திறக்கப்பட்டது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் அது மூடப்பட்டது. பின்னர் 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இராமநாதபுரம் ஜில்லா மண்டபத்தில் நடைபெற்று வந்தது. அதன் தலைமை இடம் பின்னர் கொச்சிக்கு மாறியபோதிலும், மண்டபத்திலுள்ள பிராந்திய நிலையம் தொடர்ந்து நடைபெற்று வருகின்றது. கோமாளி மீன் முதலிய அலங்காரக் கடல் மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து, குஞ்சு பொரித்து வளர்க்கும் முறை அங்கே கண்டு நிலைநிறுத்தப்பட்டுள்ளது. இனி விவரிக்கப்படும் தொட்டிக்கு ஏற்ற மீன்கள் இவ்வாறு வளர்க்கப்பட்டவையே.

பவளம் என்பது யாது?

பவளம் கல்லுமன்று, செடியுமன்று. அது மிகச் சிறிய பிராணிகளின் கூட்டம். ஒவ்வொரு பிராணியும் கடல் ஜலத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தனக்குக் கூடு கட்டிக்கொள்கின்றது. இதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவைத் தயாரித்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்கு அளிக்கின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இப்பாசிகளால் ஏற்படுவதே. ஜலம் வழக்கமான கோடை உஷ்ணத்தைவிட ஓரிரண்டு டிகிரி அதிகமாகிச் சில வாரங்கள் அப்படியே நீடிக்குமாயின், பவளம் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகும். வெப்பம் தணியாவிடின் மடியும். 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் இவ்வாறு வெளுத்தன.

புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய கடலடி பெரும்பாலும் சேறும் மணலுமாய், கடற்புல் படர்ந்தது. கடற்பசுக்கள் மேயும் இப்புல்வெளிகளைக் காப்பதற்காகவே, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கரையோரத்தில் ஏறக்குறைய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு 2022-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. பவளப் பாறைகள் அதற்குத் தெற்கே மண்டபம், இராமேசுவரம் பக்கத்திலும், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியும் உள்ளன.

பவளத்தைப் பெயர்த்தால் நேருவது

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் எண்ணப்பட்டன. அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகள் பல வருஷகாலம் சுண்ணாம்புக் காளவாய்களுக்காகவும் கட்டட வேலைக்காகவும் வெட்டி எடுக்கப்பட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறை அகன்றமையால் கரை அரிக்கப்பட்டு, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. கண்மாய்க் கரையின் அலைக்கல்லைப் பெயர்த்தெடுத்தால் கரைக்கு என்ன நேருமோ, அதுவே அத்தீவுகளுக்கும் நேர்ந்தது. இத்தீவுகள் 1986-ல் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

1972-ஆம் வருஷத்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், பாறை அமைக்கும் பவளங்கள் யாவும், கடல் விசிறிகளும், கருப்புப் பவளமும், கடற்குதிரை இனங்களும், கடல் அட்டைகளும் 2001-ல் சேர்க்கப்பட்டன. இவற்றைக் கடலிலிருந்து எடுத்தலும், விற்றலும், அனுமதியின்றி வைத்திருத்தலும் குற்றம். முதல் பட்டியலிலுள்ள பிராணிகளைப் பற்றிய குற்றத்துக்கு மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரையில் சிறைவாசம் விதிக்கப்படலாம். 2022-ஆம் வருஷத்துத் திருத்தத்தினால் அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாததாக ஆக்கப்பட்டுள்ளது. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டு தானே என்று எடுத்து வருவதும் தவறு. பிராணியின் பாகங்களும் சட்டத்துக்கு உட்பட்டவை. கடையில் பகிரங்கமாக விற்கப்படுவது அனுமதிக்கு அத்தாட்சியாகாது. வெளிநாட்டுப் பவளம் என்று சொல்லி விற்கப்படுவதை, வன இலாகா அலுவலகத்தில் விசாரியாமல் வாங்குவது உசிதமன்று.

ஆகவே இங்கு விவரிக்கப்படுவது பவளமில்லாத பாறைத் தொட்டி. பாறையும், மணலும், கடற்பாசியும், வளர்ப்புப் பண்ணையில் பிறந்த மீன்களும் உள்ள இத்தொட்டியே கண்ணுக்கு நிறைவாயிருக்கும். முதல் முறையாக இதில் இறங்குபவருக்குப் பவளத்தைவிட இதுவே கைகூடுவது.

தொட்டியும் இடமும்

சிறிய தொட்டி எளிதென்றும் பெரியது கடினமென்றும் நினைப்பது பிழை. உண்மை இதற்கு நேர்மாறானது. கிணற்றில் ஒரு குடம் அழுக்கு விழுந்தால் கிணறு தாங்கும். அண்டாவில் விழுந்தால் அண்டா தாங்காது. 40 லிட்டர் ஜலமுள்ள தொட்டியில் ஒரு மீன் மடிந்து இரவு முழுவதும் கிடந்தால், விடிவதற்குள் மற்றவையும் மடியலாம். ஆகையால் 3 அடி நீளமும் 1½ அடி அகலமும் 1½ அடி உயரமும் உள்ள தொட்டியே குறைந்த அளவாகக் கொள்ளத்தக்கது. இது ஏறக்குறைய 190 லிட்டர் கொள்ளும். மணலும் பாறையும் இட்டபின் சுமார் 150 லிட்டர் ஜலம் நிற்கும்.

இவ்வளவும் சேர்ந்த பாரம் 250 கிலோவை எட்டுமாதலால், மரப்பெட்டியின்மீதோ மேசையின்மீதோ வைத்தல் ஆகாது. செங்கல் தூண்களின்மேல் பதித்த கடப்பைக்கல் நல்லது. இரும்புச் சட்டம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். கல்லை ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்து, அதன்மேல் அரை அங்குலத் தெர்மாகோல் பலகை விரித்துத் தொட்டியை வைத்தல் வேண்டும். நேர் வெயில் படும் ஜன்னலோரமும், அடுப்புப் புகை வரும் இடமும், பூச்சிமருந்தும் தெளிப்பானும் வைக்கும் அறையும் தொட்டிக்கு ஆகாதவை. வயலில் மருந்து தெளித்த கையைத் தொட்டியில் விடுவது பேராபத்து. பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும், அதனினும் மிகுதியாக இறால், நண்டு இனங்களுக்கும் சொற்ப அளவிலேயே விஷம். தொட்டியுள்ள அறையில் கொசுவர்த்தி முதலியவற்றையும் விலக்குதல் நலம்.

ஜலம்

கடல் ஜலம் தயாரிப்பதற்கு முதலில் நல்ல நன்னீர் வேண்டும். சாகுபடி நிலங்களை அடுத்த கிணற்று ஜலத்தில் உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் கலந்திருப்பது உண்டு. குழாய் ஜலத்தில் குளோரின் இருக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியில் பச்சைப் பாசியை மண்டச் செய்யும். ஆதலால் சவ்வூடு சுத்திகரித்த ஜலம், அல்லது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிடித்து மூடிவைத்த மழை ஜலம் உபயோகிக்கத்தக்கது. முதல் இரண்டு மழைகள் கூரையைக் கழுவிய பிறகே பிடித்தல் வேண்டும். துத்தநாகத் தகடு வேய்ந்த கூரையிலிருந்து பிடித்தலும், செப்பு அல்லது பித்தளைப் பாத்திரத்தில் வைத்தலும் கூடா. செம்பு சிறிதளவு கலந்தாலும் நத்தை, நண்டு, இறால் முதலியவை மடியும்.

உப்பு

உப்பளத்து உப்பைக் கரைத்தால் கடல் ஜலமாகிவிடும் என்று கருதுவோர் பலர். இது ஏன் ஆகாது என்பதை வேதாரணியத்து உப்பளங்களைப் பார்த்தவர்கள் எளிதில் அறிவார்கள். பாத்தியில் கடல் ஜலம் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்தும், அடுத்து ஜிப்சமும் தங்குகின்றன. அதன் பின்னரே சோற்றுப்பு விளைகின்றது. மக்னீசியமும் பொட்டாசியமும் மிகுந்த கசப்பு ஜலம் கடைசியில் ஒதுக்கப்படுகின்றது. ஆகவே விளைந்த உப்பு கடலின் ஒரு பாகமேயன்றி முழுக் கடலன்று. உயிர்களுக்கு வேண்டிய சுண்ணாம்பும் மக்னீசியமும் பொட்டாசியமும் அதில் போதிய அளவு இல்லை. எனவே எல்லாச் சத்துக்களும் கடலிலுள்ள விகிதத்தில் கலந்து, மீன்தொட்டிக்கென்றே விற்கப்படும் கடலுப்புக் கலவையை வாங்குதல் அவசியம்.

லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருத்தல் வேண்டும். 150 லிட்டருக்கு 5¼ கிலோ செல்லும். தனிப் பிளாஸ்டிக் தொட்டியில் ஜலத்தை முதலில் ஊற்றி, அதில் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, காற்றுக்குழாயால் ஒரு நாள் முழுவதும் கலக்கியபின் ஹைட்ராமீட்டரால் சோதித்தல் வேண்டும். இது பால் சங்கங்களில் உபயோகிக்கும் பால்மானியைப் போன்ற மிதப்புக் கருவி. நன்னீரை 1.000 என்று கொண்டால், தொட்டி ஜலம் 1.025 அளவு காட்டுதல் வேண்டும்.

கடல் அருகிலிருப்பதால் அங்கிருந்தே ஜலம் கொண்டுவரலாமே எனக் கேட்கலாம். கரையோர ஜலம் கலங்கலானது. படகு எண்ணெயும் இறால் பண்ணைக் கழிவும் சேரக்கூடியது. வடகிழக்குப் பருவமழையில் உப்பு குறைந்துபோவது. அப்படியே கொண்டுவந்தாலும், படகுத்துறைகளையும் முகத்துவாரங்களையும் விட்டு விலகித் தெளிந்த ஜலம் எடுத்து, துணியால் வடிகட்டி, இருண்ட இடத்தில் மூடி இரண்டு வாரம் வைத்து, தெளிவை மட்டும் இறுத்துச் சோதித்தபின் உபயோகித்தல் வேண்டும். தொடக்கத்தில் கலவை உப்பே நம்பத்தக்கது.

மணலும் பாறையும்

அடியில் ஒன்று முதல் இரண்டு அங்குலம் கனத்துக்குச் சுண்ணாம்பு மணலோ, நன்கு கழுவி நொறுக்கிய கிளிஞ்சலோ பரப்பலாம். இவை மெல்லக் கரைந்து ஜலத்தின் காரத்தன்மை குன்றாமல் காக்கும். கடல் ஜலத்தின் கார அமில நிலை 8.1 முதல் 8.4 வரை இருத்தல் நலம். பாறைக்குச் செத்த பவளத்தை நாடாமல், தொட்டிக்கென்று சுட்டு விற்கப்படும் துளையுள்ள பீங்கான் பாறையை உபயோகிக்கலாம். வீட்டிலேயே செய்ய விரும்பினால், சிமெண்டு ஒரு பங்கும் நொறுக்கிய கிளிஞ்சல் மூன்று பங்கும் சேர்த்து, கல்லுப்பைக் கலந்து உருட்டி வைக்கலாம். இறுகிய பின் நன்னீரில் ஊறவைத்தால் உப்புக் கரைந்து துளைகள் விழும். சிமெண்டின் காரம் முழுவதும் இறங்கும்வரை, நன்னீரை அடிக்கடி மாற்றிப் பல வாரங்கள் ஊறவைத்தல் வேண்டும். பாறைகளை மணலின்மேல் வைக்காமல் தொட்டியின் அடியிலேயே ஊன்றி, இடையில் ஜலம் புகுந்து செல்லுமாறு அடுக்குதல் முக்கியம்.

நுண்கிருமிச் சாகுபடி

தொட்டி அமைப்பதில் மிக முக்கியமானது இப்பகுதியே. மீன்கள் மடிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதை அறியாமையே. மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளியிடுகின்றது. மீந்த உணவும் அழுகி அமோனியாவாகின்றது. அமோனியா மீனுக்கு விஷம். களர் நிலத்தில் இட்ட யூரியாவின் சத்து அமோனியா வாயுவாகப் பறந்து நஷ்டமாவதைக் குடியானவர்கள் அறிவார்கள். காரத்தன்மை மிகுந்த இடத்தில் அமோனியா வாயு நிலைக்கு அதிகமாக மாறுவதே அதற்குக் காரணம். கடல் ஜலமும் காரமுள்ளது. ஆகையால் ஒரே அளவு அமோனியா நன்னீர்த் தொட்டியைவிடக் கடல்நீர்த் தொட்டியில் அதிகக் கேடு செய்கின்றது.

இதற்கு மாற்று இயற்கையிலேயே உண்டு. நிலத்திலிட்ட அமோனியா உரத்தை ஒருவகை நுண்கிருமிகள் நைட்ரைட்டாகவும், வேறொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 1890-ஆம் வருஷத்தை ஒட்டி ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி என்பவர் இதனை விளக்கினார். இதே தொழிலைத் தொட்டியின் பாறைத் துளைகளிலும் மணலிலும் தங்கும் கிருமிகள் செய்கின்றன. நைட்ரைட்டும் விஷமே, நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. பாறையின் உட்புறத்திலும் மணலின் அடியிலும் பிராணவாயு இல்லாத இடங்களில், வேறு கிருமிகள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஜலம் கட்டிய நெல் வயலில் உரச்சத்து இவ்வாறு போவது நஷ்டம். தொட்டியில் அதுவே லாபம்.

ஆனால் இக்கிருமிகள் புதுத் தொட்டியில் இல்லை. அவை பெருகுவதற்குச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை மீன் விடலாகாது. ஜலத்தை ஓடவிட்டு, உரித்த இறால் துண்டு ஒன்றைச் சிறு துணிப் பையில் கட்டித் தொட்டியில் இட்டால் அது அழுகி அமோனியாவை உண்டாக்கும். கிருமிகள் அதை உண்டு பெருகும். சோதனைத் திரவங்களைக் கொண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பார்த்து வந்தால், முதலில் அமோனியா ஏறி இறங்குவதும், அடுத்து நைட்ரைட் ஏறி இறங்குவதும், கடைசியில் நைட்ரேட் காண்பதும் தெரியும். இறால் துண்டை நீக்கிவிட்டு, சிட்டிகை மீனுணவு இட்டு மறுநாள் சோதித்தாலும் அமோனியாவும் நைட்ரைட்டும் சூனியமாய் இருக்குமாயின் தொட்டி மீனுக்குத் தயார். நாற்றங்காலில் நாற்றுத் தேறும்முன் பிடுங்கி நடுவார் இல்லை. அந்தப் பொறுமையே இங்கும் வேண்டும்.

ஓட்டமும் உஷ்ணமும்

கடலில் ஜலம் ஓய்வதில்லை. தொட்டியிலும் மணிக்கு அதன் கொள்ளளவைப் போல் பத்து மடங்கு ஜலத்தைச் சுழற்றும் சிறு பம்பு வேண்டும். இதனால் பாறையிலுள்ள கிருமிகளுக்குப் பிராணவாயு கிடைக்கும். அலையடிக்கும் கரையில் நுரை ஒதுங்குவதைக் காணலாம். அந்நுரையில் ஜலத்தின் அழுக்குச் சேர்ந்திருக்கும். அதே முறையில், மென்குமிழிகளால் நுரை எழுப்பி அழுக்கைப் பிரிக்கும் யந்திரம் ஒன்று விற்கப்படுகின்றது. இதை வைத்தால் ஜலம் நீடித்துத் தெளிந்திருக்கும்.

ஜலத்தின் உஷ்ணம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் நன்று. சித்திரை, வைகாசி வெயிலில் உள்நாட்டு வீடுகளில் இது எளிதன்று. தொட்டியின் மூடியை நீக்கி, ஜலத்தின் மேற்பரப்பில் படுமாறு சிறு மின்விசிறி வைத்தால், மண்பானை ஜலம் குளிர்வதுபோல ஆவியாகி ஓரிரண்டு டிகிரி குறையும். தெற்கு, மேற்குச் சுவர்களை விட்டு உட்கூடத்தில் தொட்டியை வைப்பதும் உதவும். பவளம் வளர்ப்போருக்குக் குளிரூட்டும் யந்திரமும் உயர்ந்த விளக்குகளும் கட்டாயமாகின்றன. செலவு பெருகுவதும் அங்கேதான்.

விசிறியால் ஆவியாகும் ஜலத்தை ஈடு செய்வதில் அநேகர் தவறுகின்றனர். ஆவியாவது ஜலம் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகையால் குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றுதல் வேண்டும். உப்பு ஜலத்தை ஊற்றினால் நாளடைவில் தொட்டி உப்பளமாகும். 40 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் குறைய விட்டால் லிட்டருக்கு 35 கிராமாயிருந்த உப்பு ஏறக்குறைய 47 கிராமாகும். 150 லிட்டரில் அதே 10 லிட்டர் குறைந்தால் 37½ கிராமே ஆகும். கண்ணாடியில் ஜலமட்டத்துக்குக் கோடிட்டு, நாள்தோறும் காலையில் அக்கோடு வரை நன்னீர் விடுவது நல்ல வழக்கம்.

மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும். சில மணி நேரத்தில் பிராணவாயு குன்றும். பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கையிருப்பில் இருத்தல் அவசியம்.

மீன்கள்

150 லிட்டர் ஜலத்துக்குக் கோமாளி மீன் ஒரு ஜோடியும், வேறு சிறு மீன்கள் இரண்டும் போதும். கோமாளி மீன் கடலில் கடற்சாமந்தி என்னும் பிராணியின் கொடுக்குக் கைகளுக்குள் அடைக்கலம் புகுந்து வாழ்வது. ஆயினும் தொட்டியில் விரோதிகள் இல்லாமையால் கடற்சாமந்தி இன்றியே சுகமாய் வாழும். அதற்காகக் கடற்சாமந்தியைக் கடலிலிருந்து பறிக்க வேண்டுவதில்லை. இம்மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. ஒன்றாயிருக்கும் மீன்களில் வலியதும் பெரியதுமானது பெண்ணாக மாறும். ஆகவே இரு சிறு மீன்களை ஒன்றாக விட்டால் அவையே ஜோடியாகும். தக்க பாதுகாப்பில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும்.

பண்ணையில் பிறந்த மீன்களையே கேட்டு வாங்குதல் வேண்டும். அவை தொட்டியில் இடும் உணவுக்குப் பழகியவை. கடலில் பிடித்தவை பிடிபட்ட அயர்ச்சியாலும், உணவெடுக்காமலும், நோயாலும் மடிவது அதிகம். எங்கே கிடைக்கும் என்பதை மண்டபம் பிராந்திய நிலையத்திலும் மீன்வள இலாகா அலுவலகங்களிலும் விசாரித்து அறியலாம்.

கொண்டுவந்த மீனை நேரே தொட்டியில் விடாமல், வேறொரு சிறு தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்த்தல் நலம். வெண்புள்ளி நோய் தோன்றினால் செம்பு கலந்த மருந்தை அங்கேயே கொடுத்துக் குணப்படுத்தலாம். பெருந்தொட்டியில் அம்மருந்து விடலாகாது. பையிலுள்ள ஜலத்துடன் தொட்டி ஜலத்தைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுதல் வேண்டும். எல்லா மீன்களையும் ஒரே நாளில் விடாமல் இரண்டு வார இடைவெளியில் விட்டால் கிருமிகளும் அதற்கேற்பப் பெருகும். இரண்டு நிமிஷத்தில் தின்று தீரும் அளவே ஒரு வேளை உணவு. மீன் பட்டினியால் மடிவதைவிட மிகுதியான உணவு அழுகுவதால் மடிவதே அதிகம்.

வாராந்தரக் கவனிப்பு

திராட்சைக் கொத்துப் போன்ற கடற்பாசி வகையைத் தொட்டியின் ஒரு மூலையில் வளர்த்தால் அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்டு வளரும். வளர்ந்ததை அவ்வப்போது அறுத்து வெளியேற்றுவது, நிலத்தின் சத்தைப் பயிராக அறுத்தெடுப்பது போன்றதே. வாரம் ஒரு முறை உப்பளவையும் நைட்ரேட்டையும் சோதித்தல் வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் உணவு மிகுதி என்று கொள்ளலாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 லிட்டர் ஜலத்தை எடுத்துவிட்டு, முந்திய நாளே தயாரித்த கடல்நீரை அதே உஷ்ணத்தில் ஊற்றுதல் வேண்டும்.

எடுத்த ஜலத்தைத் தோட்டத்தில் கொட்டலாகாது. 15 லிட்டரில் அரைக் கிலோவுக்கு மேல் உப்பு உண்டு. இவ்வாறு வருஷம் முழுவதும் கொட்டினால் 13 கிலோவுக்கு மேற்பட்ட உப்பு ஒரே இடத்தில் சேர்ந்து மண்ணைக் கெடுக்கும். கிணற்றடியிலும் வாய்க்காலிலும் விடுவது அதனினும் கேடு. தெருச் சாக்கடையில் விடுவதே தக்கது.

தொட்டியின் பாசியையோ மீனையோ கடலிலும் கழிமுகத்திலும் விடுதலும் தவறு. 1984-ல் மொனாக்கோ நகரத்துக் கடல் காட்சிசாலையை அடுத்துக் காணப்பட்ட கடற்பாசி வகையொன்று, பின்னர் மத்தியதரைக் கடலில் பெரும் பரப்பில் படர்ந்து அங்குள்ள கடற்புல்லை நெருக்கிற்று. புதுக்கோட்டைக் கரையின் கடற்புல்லுக்கு அத்தகைய களை நேர இடங்கொடுத்தல் கூடாது. அறுத்த பாசியை வெயிலில் உலர்த்திப் புதைத்துவிடுதல் போதும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

கரையோரக் கிராமங்களில் பவளத் துண்டு, கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றைச் சேகரிப்பவரோ வாங்க வருபவரோ காணப்பட்டால், கிராம அதிகாரிகள் வன இலாகாவுக்குத் தெரிவித்தல் வேண்டும். மீனவர் வலையில் தற்செயலாகச் சிக்கியவற்றை உயிரோடு கடலிலேயே விட்டுவிடுமாறு சொல்லுதல் நலம். கேட்பவர் பெரும்பாலும் உள்நாட்டுப் பட்டணங்களில் தொட்டி வைத்திருப்பவராதலால், வாங்குவோர் நின்றால் எடுப்போரும் நிற்பர். பள்ளிக்கூடங்களில் கடல்நீர்த் தொட்டி அமைக்க முற்படுவோருக்கும் இவ்விதியை முன்னதாகவே எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

சுருக்கம்

தொட்டி 150 லிட்டர் ஜலத்துக்குக் குறையாதிருத்தல். சோற்றுப்பை விலக்கிக் கடலுப்புக் கலவையை உபயோகித்தல். மீன் விடும் முன் நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்தல். ஆவியான ஜலத்துக்கு நன்னீரையே ஊற்றுதல். செம்பும் பூச்சிமருந்தும் அண்டவிடாதிருத்தல். பண்ணையில் பிறந்த மீன்களையே வாங்குதல். பவளத்தைக் கடலிலேயே விட்டுவைத்தல் ஆகிய ஏழும் நினைவில் வைக்கத்தக்கவை. தை மாதத்தில் வேலையைத் தொடங்கினால், வெயில் ஏறுவதற்குமுன் தொட்டி பக்குவப்பட்டு, முந்திய பருவத்தில் பிடித்து வைத்த மழை ஜலமும் கைவசம் இருக்கும்.